வேலை நேரத்தில் சர்க்கரை குறைந்தால்

லட்சுமிக்கு வயது 45. சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். இப்போது மும்பை தாராவியில் குடியிருக்கிறாள். அங்கே ஒரு தையல் கூடத்தில் சட்டை தைக்கிறாள்.

லட்சுமிக்குச் சர்க்கரை நோய் உண்டு. காலையிலும் இரவிலும் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்கிறாள். தையல் கூடத்தில் இது யாருக்கும் தெரியாது. தெரிந்தால் வேலை போய்விடும் என்று பயம்.

அன்று அவசர வேலை. மாலைக்குள் 300 சட்டைகள் போக வேண்டும். வழக்கமாக மதியம் 1 மணிக்குச் சாப்பாடு. அன்று மணி 2 ஆகியும் யாரும் எழவில்லை. லட்சுமியும் எழவில்லை.

முதலில் கை நடுங்கியது. ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. உடம்பெல்லாம் வியர்த்தது. நெஞ்சு படபடத்தது. "இந்த ஒரு காலரை முடித்துவிடலாம்" என்று நினைத்தாள். காலர் கோணலாகப் போனது.

"என்னக்கா, முகம் வெளுத்துப் போச்சே?" என்று பக்கத்து மிஷினில் இருந்த மேரி கேட்டாள்.

"உன் வேலையைப் பாரு!" என்று லட்சுமி எரிந்து விழுந்தாள். அப்படிப் பேசுகிறவள் அல்ல அவள். மேரிக்குச் சந்தேகம் வந்தது. மேரியின் அம்மாவும் சர்க்கரை நோயாளிதான்.

"அக்கா, இன்சுலின் போடுறீங்களா?"

லட்சுமி தலையை ஆட்டினாள். மேரி ஓடிப்போய் மிஷினை நிறுத்தினாள். டீ போட வைத்திருந்த சர்க்கரையில் 3 தேக்கரண்டி எடுத்துத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்தாள். கால் மணி நேரத்தில் நடுக்கம் நின்றது. பிறகு லட்சுமி சாப்பிட்டாள்.

ஏன் இப்படி ஆனது?

இன்சுலின் இரத்தத்தில் உள்ள சர்க்கரையைக் குறைக்கிறது. காலையில் போடும் பல வகை இன்சுலின் மதியமும் வேலை செய்யும். நாம் சாப்பிடவில்லை என்பது அதற்குத் தெரியாது. சாப்பாடு தள்ளிப்போனால் சர்க்கரை அளவுக்கு மேல் குறைந்துவிடும். வழக்கத்தை விடக் கடினமாக உழைத்தாலும் குறையும். வெறும் வயிற்றில் மது குடித்தாலும் குறையும். இரத்தச் சர்க்கரை 70க்குக் கீழே போனால் ஆபத்து தொடங்குகிறது.

அடையாளங்கள்

நடுக்கம், வியர்வை, படபடப்பு, திடீர்ப் பசி, தலைசுற்றல், கண் மங்கல், காரணமில்லாத கோபம், பேச்சுக் குழறல். இதைப் பார்த்து, குடித்திருக்கிறார் என்று தவறாக நினைப்பவர்களும் உண்டு.

என்ன செய்ய வேண்டும்?

1. உடனே வேலையை நிறுத்த வேண்டும். ஏணியில் இருந்தால் இறங்க வேண்டும். வண்டி ஓட்டினால் ஓரமாக நிறுத்த வேண்டும்.

2. 3 தேக்கரண்டி சர்க்கரை அல்லது குளுக்கோஸைத் தண்ணீரில் கலந்து குடிக்க வேண்டும். சர்க்கரை நோயாளிக்குச் சர்க்கரையா என்று தயங்க வேண்டாம். அந்த நேரத்தில் சர்க்கரைதான் மருந்து. பால் இனிப்பும் சாக்லேட்டும் மெதுவாகவே வேலை செய்யும்.

3. 15 நிமிடம் உட்கார்ந்திருக்க வேண்டும். தெளியவில்லை என்றால் மீண்டும் அதே அளவு குடிக்க வேண்டும்.

4. தெளிந்ததும் சாப்பிட வேண்டும். முழுதாகத் தெளியும் வரை மிஷினைத் தொடக் கூடாது.

மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. அது மூச்சுக்குழாயில் போய்விடும். இன்சுலினும் போடக் கூடாது. ஒருக்களித்துப் படுக்க வைத்து, உடனே மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும்.

எண்ணைப் படியுங்கள்

இன்சுலின் புட்டியில் 40 அல்லது 100 என்று எழுதியிருக்கும். ஊசிக்குழலிலும் அதே எண் இருக்க வேண்டும். 100 புட்டி மருந்தை 40 ஊசிக்குழலில் எடுத்தால் இரண்டரை மடங்கு மருந்து உடம்பில் ஏறிவிடும். அது உயிருக்கே ஆபத்து. எழுத்தறிவு உயிரைக் காக்கும் இடம் இது.

சர்க்கரை குறைகிறதே என்று பயந்து, தானாக ஊசியை நிறுத்தவும் கூடாது. அடிக்கடி குறைந்தால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அவர் அளவை மாற்றித் தருவார்.

மறைக்க வேண்டாம்

மறுநாள் லட்சுமியும் மேரியும் மாஸ்டரிடம் போனார்கள். லட்சுமி தன் நோயைச் சொன்னாள். மாஸ்டர் முகம் சுளித்தார்.

"சாப்பாட்டுக்குப் போக அக்காவுக்கு 15 நிமிஷம் போதும் மாஸ்டர். நேத்து அந்தக் காலரைப் பிரிச்சுத் தைக்க அரை மணி நேரம் ஆச்சு" என்றாள் மேரி.

மாஸ்டர் சற்று யோசித்தார். "சரி, மணி 1 ஆனா நீ எழுந்திரு" என்றார்.

இப்போது லட்சுமியின் மிஷின் இழுப்பறையில் ஒரு குளுக்கோஸ் பொட்டலம் இருக்கிறது. அவள் பையில் ஒரு சீட்டும் இருக்கிறது. இரவு வகுப்பில் படித்த எழுத்தில் அவளே எழுதியது:

"என் பெயர் லட்சுமி. எனக்குச் சர்க்கரை நோய். இன்சுலின் போடுகிறேன். எனக்கு நடுக்கம் வந்தால் சர்க்கரைத் தண்ணீர் கொடுங்கள். மயங்கினால் மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள்."

அடியில் மகனின் போன் எண். அதே சீட்டை மேரி இந்தியிலும் எழுதித் தந்திருக்கிறாள்.

பேசுவோம்

1. லட்சுமி ஏன் தன் நோயை மறைத்தாள்? அதனால் என்ன ஆனது?
2. மயங்கியவர் வாயில் ஏன் எதையும் ஊற்றக் கூடாது?
3. உங்கள் வேலை இடத்தில் இன்சுலின் போடுபவர் உண்டா? அவர் நேரத்துக்குச் சாப்பிட முடிகிறதா?

எழுதுவோம்

உங்கள் வீட்டில் இன்சுலின் போடுபவர் இருந்தால், லட்சுமியைப் போல ஒரு சீட்டு எழுதிக் கொடுங்கள்.