திருவையாறு தியாகராஜர் ஆராதனைக்கு முதல் தடவையா?

முத்துப்பேட்டைக்காரர்கள் மன்னார்குடி வழியோ பட்டுக்கோட்டை வழியோ தஞ்சாவூர் போய், அங்கே திருவையாறு பஸ் பிடிக்க வேண்டும். புஷ்ய பகுள பஞ்சமியன்று காலையில்தான் பஞ்சரத்தினக் கீர்த்தனைகள் பாடப்படும் என்பதால், முந்தின நாளே தஞ்சாவூரில் தங்கிவிடுவது நிம்மதி. தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறும், பெரும்பாலும் ஜனவரி. பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டு லீவு போடுங்கள்.

டிக்கெட் கிடையாது, நாற்காலியை நம்பவும் வேண்டாம். காவிரிக்கரைப் பந்தலில் தரையில்தான் உட்கார வேண்டும். ஒரு ஜமுக்காளம், முழங்கால் வலிக்காரர்களுக்குச் சின்னத் தலையணை. தை பனி தரையைத் துளைக்கும் என்பது ஆற்றங்கரையில் பொய்யில்லை: விடியலில் சால்வை வேண்டும், பத்து மணிக்கு அதே சால்வை பாரமாகிவிடும். செருப்பை வெளியே விடாதீர்கள். பையில் போட்டு மடியோடு வைத்துக்கொள்ளுங்கள். நான் ஒரு வருஷம் வெறுங்காலோடு பஸ் ஏறியவன்.

நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ. பஞ்சரத்தினம் இந்த ஐந்து ராகம், ஏறக்குறைய ஒரு மணி நேரம். சாகித்தியத்தைப் பெரிய எழுத்தில் அச்செடுத்துக்கொள்ளுங்கள். தெலுங்கு தெரியாதவர்கள் ஸ்வரம் வரும் இடங்களிலாவது சேர்ந்து பாடலாம். நூற்றுக்கணக்கான குரல்களுக்கு நடுவே சுருதி தவறினால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அது முடிந்ததும் பாதிக் கூட்டம் கிளம்பிவிடும். அப்போதுதான் மேடைக்கு அருகே நல்ல இடம் கிடைக்கும்.

சமாதிக்கு எதிரே கைகூப்பியபடி பெங்களூர் நாகரத்தினம்மா சிலை இருக்கும். பெண்கள் இங்கே பாட வழி திறந்தவர். பார்க்காமல் வராதீர்கள்.