புள்ளினம் காணும் இன்பம்

மாமல்லபுரத்திற்குத் தெற்கே, கல்பாக்கத்தை அடுத்துப் புதுப்பட்டினம் என்னும் கடற்கரையூர் உள்ளது. கார்காலம் கழிந்து பனி தொடங்கியதும், அவ்வூர்ப் பக்கத்து உப்பங்கழிகளிலும் பாலாற்றின் கழிமுகத்திலும் உள்ளான் முதலிய சிறு பறவைகள் சேற்றைக் கிளறி இரை தேடும். வடபுலத்துக் கடுங்குளிருக்கு ஆற்றாது நெடுந்தொலைவு பறந்து வந்த விருந்தினர் அவை. அவற்றைக் கண்டு மகிழ்ந்தவர், அம்மாவட்டத்திலேயே மதுராந்தகத்திற்கு அருகிலுள்ள வேடந்தாங்கலையும் காண்பாராயின், அவ்வின்பம் பன்மடங்கு பெருகும்.

வேடந்தாங்கல் என்பதற்கு வேடர் தங்கிய இடம் என்று பலரும் பொருள் கூறுவர். தொண்டை நாட்டு வழக்கிலோ தாங்கல் என்பது சிற்றேரியைக் குறிக்கும். எவ்வாறாயினும், வேடர் பெயர் பூண்ட அவ்வூரார் வேட்டையைத் தடுத்தவர் என்பது வியப்பன்றோ! ஏறத்தாழ 30 ஹெக்டேர் பரப்புடைய அவ்வேரியில் வெள்ளைச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது, ஊரார் மாவட்ட ஆட்சியரிடம் முறையிட்டனர். 1798-ஆம் ஆண்டளவில் ஆட்சியராயிருந்த லயனல் பிளேஸ் என்பார், பறவைகளைக் காக்கும் உரிமையை அவர்களுக்கு எழுதிக் கொடுத்தார். பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் பயிருக்கு நல்ல உரமாதலை அவ்வுழவர் அறிந்திருந்தனர். நன்றியும் பயனும் அங்கே ஒன்றாயின. 2022-ஆம் ஆண்டில் அவ்வேரி, ராம்சர் உடன்படிக்கையின்கீழ் உலகச் சிறப்புடைய ஈரநிலங்களுள் ஒன்றாக ஏற்கப்பட்டது.

நீரினிடையே நிற்கும் கடம்ப மரங்களிலும் கருவேல மரங்களிலும் கிளைதோறும் கூடுகள் காணப்படும். அவற்றில் வாழும் பறவைகள் யாவும் வெளிநாட்டிலிருந்து வந்தவை என்று கருதுவது பிழை. கூடு கட்டிக் குஞ்சு பொரிப்பவை நம் நாட்டுப் பறவைகளே. வடபுலத்து வாத்துகள் தங்கி இரையுண்டு மீள்வனவேயன்றி, இங்கே முட்டையிடுவதில்லை.

நத்தைகுத்தி நாரையின் அலகிரண்டும் நடுவில் பொருந்தாமல் இடைவெளி விட்டு நிற்கும். குஞ்சுப் பருவத்தில் அவ்விடைவெளி இராது. வளர வளரவே தோன்றும். பாம்புத்தாரா உடல் முழுவதையும் நீருள் மறைத்துக் கழுத்தை மட்டும் வெளியே நீட்டி நீந்தும். மீனைக் கூரிய அலகால் குத்தி எடுக்கும். பின்னர்க் கிளையில் அமர்ந்து, நனைந்த சிறகுகளை வண்ணான்துறைத் துணிபோல விரித்து உலர்த்தும். கூழைக்கடாவின் குஞ்சு, தாயின் தொண்டைப் பைக்குள் தலையை நுழைத்து உணவு பெறும். உச்சி வெயிலில் நாரை ஒன்று இறக்கையைக் குடையாக விரித்துத் தன் குஞ்சுகளுக்கு நிழல் செய்து நிற்பதைக் கண்டவர் எளிதில் மறவார்.

இக்காட்சிகளைப் படமாக்குதல் காண்டலினும் அரிய கலை. பறவை காற்றை எதிர்த்தே எழும். காற்றை எதிர்த்தே இறங்கும். ஆதலின், காலை வெயிலும் காற்றும் தம் முதுகுப்புறம் அமைய நிற்பவருக்கே அதன் முகம் நன்கு கிடைக்கும். அவ்வாறு நின்றும் சில நாள் ஒரு படமும் அமையாது போகும். காத்திருந்த அப்பொழுது வீணன்று. கண் கற்றது மிகுதி.

இக்கலையில் பெரும்புகழ் பெற்ற தமிழர் மா. கிருஷ்ணன். அவர், பத்மாவதி சரித்திரம் இயற்றிய அ. மாதவையாவின் இளைய மகன். 1912-இல் பிறந்து 1996-இல் மறைந்தவர். வெவ்வேறு கருவிகளின் உறுப்புகளைக் கூட்டித் தாமே ஒரு படக்கருவி அமைத்துக்கொண்டார். வண்ணத்தை நாடாது கறுப்பு வெள்ளையிலேயே படமெடுத்தார். வேடந்தாங்கலைப் பற்றியும் எழுதினார். 1950 முதல் தம் இறுதிக்காலம் வரை ஓர் ஆங்கில நாளிதழில் இயற்கை பற்றித் தொடர்ந்து எழுதி வந்தார். அணிலும் காக்கையும்கூட அவருக்கு ஆராய்ச்சிப் பொருள்களே. 1970-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

இந்நாளில் நொடிக்குப் பல படம் எடுக்கும் கருவிகள் பெருகிவிட்டன. ஆனால், ஆவல் மிகுந்தோர் கூட்டை நெருங்குவதால் நேரும் தீங்கு பெரிது. அஞ்சிய தாய்ப்பறவை எழுந்து அகலும். அந்நேரம் பார்த்துக் காக்கை வந்து முட்டையைக் கவரும். சிறகு முளையாத குஞ்சு வெயிலில் வாடி மடியும். துப்பாக்கி செய்த கேட்டைப் படக்கருவியும் இவ்வாறு செய்துவிடும். அதனால் வேடந்தாங்கலில் காண வருவோர் கரைமீதும் காட்சிக் கோபுரத்தின்மீதும் நின்றே காண்கின்றனர். தொலைவைச் சுருக்கிக் காட்டும் நீண்ட வில்லை இருக்க, நீரில் இறங்கும் தேவை யாது?

மாலையில் இரை தேடச் சென்றவை நாற்றிசையிலிருந்தும் கூட்டங்கூட்டமாகத் திரும்புகின்றன. குஞ்சுகளின் ஆரவாரம் ஏரியெங்கும் எழுகின்றது. வெளிச்சம் மங்கவே, கரைமீது நிற்போர் கருவிகளை உறையிலிடுகின்றனர். அந்நேரத்திலேதான் பகலெல்லாம் கிளையில் உறங்கிய வக்கா என்னும் இராக்கொக்குகள் விழித்து, ஒவ்வொன்றாகக் குரலெழுப்பிக்கொண்டு வயல்களை நோக்கிப் பறக்கின்றன.