கம்ப்யூட்டர் தேதி பின்னால் போகிறதா?

காலையில் கடை திறந்து கம்ப்யூட்டரைப் போட்டால் என்றைக்கோ போன வருடத்துத் தேதி காட்டுகிறது. சரக்குக்கு ஆள் நிற்கிற அவசரத்தில் அதை யார் கவனிக்கிறோம்? எங்கள் கடையிலேயே ஒருமுறை மதியம்வரை அப்படியே பில் போட்டுவிட்டோம். அன்றைய விற்பனை கணக்கில் சேரவில்லை. ஒவ்வொரு பில்லாகத் தேடித் திருத்த இரண்டு இரவுகள் போயின.

மின்சாரம் இல்லாத நேரத்தில் கடிகாரத்தை ஓட்டுவது மதர்போர்டிலுள்ள வட்டமான சிறு செல். இரவில் மெயினை அணைத்துப் பூட்டுகிற நமக்கு அது சீக்கிரம் தீரும். பெரும்பாலும் சிஆர் 2032 என்ற 3 வோல்ட் செல்தான். வாட்ச் கடையில் கிடைக்கும். இதற்காகப் புது கம்ப்யூட்டர் வாங்கச் சொன்னால் நம்பாதீர்கள்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பழைய செல் இருந்த மாதிரியே புதியதைப் பொருத்துங்கள். தேதி, நேரம் சரிசெய்த பிறகே பில்லிங்கைத் திறக்க வேண்டும். தேதி தவறாக இருந்தால் ஜிஎஸ்டி தளம்கூட ‘பாதுகாப்பில்லை’ என்று திறக்க மறுக்கும். இன்டர்நெட்காரரைத் திட்டிப் பயனில்லை.

கழற்றிய செல்லைக் கல்லாப்பெட்டியில் போட்டு வைக்காதீர்கள். குழந்தை விழுங்கினால் 2 மணி நேரத்திலேயே உணவுக்குழாய் வெந்துவிடும். உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.