தொடையைச் சொறிந்தால் சிறுநீர் வருமா?

“டாக்டர், சீனாவுல ஒரு ஆபரேஷன் இருக்காமே? காலுக்குப் போற நரம்பை வெட்டி யூரின் பைக்குத் திருப்பி விடுவாங்களாம். அப்புறம் தொடையைச் சொறிஞ்சாலே யூரின் வந்துருமாம்.”

தண்டுவடத்தில் அடிபட்டவரின் மனைவி வந்தாலும், ஸ்பைனா பைஃபிடாவோடு (முதுகெலும்பு சரியாக மூடாத குறை) பிறந்த குழந்தையின் அப்பா வந்தாலும் இதே கேள்விதான். எல்லாம் வாட்ஸ்அப் வீடியோக்களின் உபயம். நிலத்தை விற்கலாமா என்று கேட்டவர்களும் உண்டு. விற்காதீர்கள்.

ஆபரேஷன் கட்டுக்கதை அல்ல, அதுதான் தொல்லையே. அதை உருவாக்கியவர் வூஹானைச் சேர்ந்த சியாவ் சுவான்குவோ. கீழ்முதுகில் காலுக்குப் போகும் ஒரு நரம்பின் இயக்க வேரை மட்டும் வெட்டி, சிறுநீர்ப்பைக்குப் போகும் வேரோடு தைப்பார்கள். உணர்வு வேரைத் தொடமாட்டார்கள். இழைகள் மெல்ல வளர்ந்து பையை எட்ட ஒரு வருடம் வரை ஆகலாம். பிறகு அந்த நரம்புக்குரிய தோலைச் சொறிந்தால், சேதி மூளைக்குப் போகாமலே திரும்பிவந்து பையைச் சுருக்க வேண்டும். யோசனை அழகானது. 2005இல் 20 குழந்தைகளில் 17 பேருக்குப் பலித்தது என்று சியாவ் எழுதினார். வீடியோக்காரர்கள் அந்த எண்ணோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

அதற்குப் பிறகு நடந்தது? அமெரிக்காவின் மிச்சிகனில் 9 பேருக்கு இதைச் செய்து, ஒரு வருட முடிவை 2010இல் வெளியிட்டார்கள். தோலைத் தூண்டியபோது 7 பேருக்குப் பையின் அழுத்தம் ஏறியது. சரி, சிறுநீர் எடுக்கும் ட்யூப் இல்லாமல் சமாளிக்க முடிந்தவர்கள்? 2 பேர். ஒழுகல் முற்றிலும் நின்றவர்? ஒருவரும் இல்லை. ஒருவருக்குப் பாதம் தொங்கிப்போய், அப்படியே நின்றுவிட்டது. காலிடம் நரம்பைக் கடன் வாங்கினால் வட்டியைக் காலிடமிருந்துதான் வசூலிப்பார்கள்.

ஃபுளோரிடாவில் இன்னும் கறாராகச் சோதித்தார்கள். ஸ்பைனா பைஃபிடா உள்ள 20 பேர். எல்லோருக்கும் ஒட்டிக்கொண்ட தண்டுவடத்தை விடுவிக்கும் ஆபரேஷன். குலுக்கிப்போட்டுப் பாதிப்பேருக்கு மட்டும் கூடவே நரம்பு மாற்று. யாருக்கு எது என்பது குடும்பத்துக்கும் தெரியாது, சோதிப்பவருக்கும் தெரியாது. மூன்று வருடம் பார்த்தார்கள். 2016இல் வந்த முடிவு: இரு குழுவிலும் ஒருவருக்கும் முழுக் கட்டுப்பாடு வரவில்லை. இதை ஏன் யாரும் ஃபார்வர்ட் செய்வதில்லை?

“பொறாமையில அந்த டாக்டரை ஜெயில்ல போட்டுட்டாங்க” என்பது இன்னொரு கதை. தன்னை விமர்சித்த இருவரை ஆள் வைத்து அடித்ததற்காக 2010இல் பெய்ஜிங் நீதிமன்றம் சியாவுக்கு ஐந்தரை மாதத் தண்டனை கொடுத்தது. இதில் பொறாமை எங்கே வந்தது?

மற்ற வாட்ஸ்அப் கதைகள் சில்லறை. தண்ணீர் குடிப்பதைக் குறைத்தால் ஒழுகாதாம். கல்லும் கிருமியும் சேரும். அடிவயிற்றை அமுக்கி எடுப்பது இயற்கையாம். சிறுநீர் மேல்நோக்கிச் சிறுநீரகத்துக்கு ஏறலாம். ஒழுகவில்லையென்றால் எல்லாம் நலமாம். உள்ளே அழுத்தம் ஏறி சிறுநீரகம் வீங்கினாலும் வலிக்காமல் இருக்கலாம். வருடத்துக்கு ஒரு ஸ்கேனும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனையும் பாருங்கள்.

ட்யூப் போட்டால் பை சோம்பேறியாகிவிடும் என்பதைக் கேட்டால்தான் எனக்குக் கோபம் வருகிறது. நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை கையை சோப்புப் போட்டுக் கழுவி, மெல்லிய ட்யூபைத் தானே செருகி, பையைக் காலிசெய்து, எடுத்துவிடுவது; அவ்வளவுதான். 1972இல் மிச்சிகனின் ஜாக் லேப்பிடெஸ் இதைச் சொன்னபோது சக டாக்டர்களே முகம் சுளித்தார்கள். இன்று பல சிறுநீரகங்கள் பிழைத்திருப்பது இதனால்தான். இதைக் கற்றுக்கொடுக்க அரை மணி நேரம் ஒதுக்காமல், நிரந்தர ட்யூபும் சிறுநீர் சேரும் பிளாஸ்டிக் பையும் மாட்டி வீட்டுக்கு அனுப்பும் ஆஸ்பத்திரிகளை என்ன சொல்வது?

பள்ளிக்கூடங்களும் லேசுப்பட்டவை அல்ல. தாழ்ப்பாள் விழும் கதவு, தண்ணீர் வரும் குழாய், ட்யூபையும் ஜெல்லியையும் வைக்க ஒரு சின்னத் தட்டு. பத்து வயதுப் பெண் தானே ட்யூப் போட்டுக்கொள்ள இவ்வளவு போதும். அதுகூட இல்லாததால் பிள்ளையை வீட்டில் உட்காரவைத்திருக்கும் பெற்றோரே, முதலில் தலைமையாசிரியரிடம் போய்ச் சண்டை போடுங்கள். என் கையெழுத்து போட்ட கடிதம் வேண்டுமானால் தருகிறேன்.