சலதாரை அடைத்துக்கொண்டதா? ஆசிட்டைத் தேடாதீர்கள்!



“ஏங்க, குளிக்கிற இடத்துல தண்ணி போகவே மாட்டேங்குது. மூணு நாளா அப்படியே நிக்குது” என்கிறார் மனைவி.

“கடையில ஆசிட் வாங்கியாரேன். ஒரு பாட்டில் ஊத்துனா எல்லாம் கரைஞ்சு ஓடிடும்” என்கிறார் கணவர்.

பல வீடுகளில் நடக்கும் பேச்சுத்தான் இது. ஆனால் அந்த ஒரு பாட்டில் உங்களையும் உங்கள் குழந்தைகளையும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடக்கூடும். கொஞ்சம் நின்று யோசியுங்கள்.

ஏன் அடைக்கிறது?

பாத்திரம் துலக்கும் இடத்தில் சாம்பல், தேங்காய் நார், சோற்றுப் பருக்கை, எண்ணெய்ப் பிசுக்கு. குளிக்கும் இடத்தில் தலைமுடி, சோப்புத் துண்டு, ஷாம்பு உறை. இவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு குழாயை அடைக்கின்றன. கக்கூஸ் கழுவும் ஆசிட்டில் முடியும் நாரும் பிசுக்கும் கரையாது. சிமெண்டுப் பூச்சைத்தான் அது அரிக்கும்.

அதற்காக அப்படியே விட்டுவிடவும் கூடாது. தேங்கிய அழுக்குத் தண்ணீரில்தான் யானைக்கால் நோயைப் பரப்பும் க்யூலெக்ஸ் கொசு முட்டையிடுகிறது. ஒரு வாரம் பத்து நாளில் முட்டை கொசுவாகிப் பறந்துவிடும்.

அடைப்பை எடுப்பது எப்படி?

1. கையில் ரப்பர் உறை போட்டுக்கொள்ளுங்கள். உறை இல்லையென்றால் கிழியாத பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொள்ளலாம். கை காலில் புண் உள்ளவர் இந்த வேலையைச் செய்ய வேண்டாம். எலி மூத்திரம் கலந்த சாக்கடைத் தண்ணீர் பட்டால், புண் வழியாக எலிக்காய்ச்சல் வரும்.

2. தேங்கிய தண்ணீரை வாளியில் மொண்டு எடுங்கள். சல்லடை மூடியைக் கழற்றி, கண்ணுக்குத் தெரியும் முடியையும் நாரையும் எடுங்கள்.

3. ஒரு கம்பியின் நுனியைக் கொக்கி போல வளைத்து உள்ளே விட்டு, சுழற்றி வெளியே இழுங்கள். குத்தித் தள்ளினால் அடைப்பு இன்னும் உள்ளே போய் இறுகிவிடும்.

4. கைப்பிடி வைத்த ரப்பர் பம்பு ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். இரண்டு அங்குலத் தண்ணீர் நிற்கும்போது குழாய் வாயை அதனால் மூடி, 15 அல்லது 20 முறை அமுக்கி இழுங்கள்.

5. பிசுக்கு அடைப்பானால், கை பொறுக்கும் சூட்டில் உள்ள தண்ணீரில் ஒரு கைப்பிடி சலவைச் சோடாவைக் கரைத்து ஊற்றி, அரை மணி நேரம் விடுங்கள். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் பிளாஸ்டிக் குழாய் இளகிப்போகும்.

வேலை முடிந்ததும் கை காலை சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

கணவன்மார்களே! இது பெண்கள் வேலை என்று ஒதுங்கிவிடாதீர்கள். மனைவி கர்ப்பமாக இருந்தால் இதை நீங்களே செய்யுங்கள்.

உயிருக்கு உலை வைக்கும் தவறுகள்

ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று ஒரே குழாயில் ஊற்றுவதும் கூடாது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் என்னும் விஷப்புகை கிளம்பும். 1915-ஆம் ஆண்டு முதல் உலகப் போரில் படைவீரர்களைக் கொல்லப் பயன்படுத்திய அதே வாயுதான் இது. காற்றைவிடக் கனமானது. அதனால் கீழேயே தங்கும்; குனிந்து வேலை செய்பவர் மூச்சில்தான் முதலில் ஏறும்.

ஆசிட்டைக் கூல்டிரிங்ஸ் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். குழந்தைக்கு அது கலர் தண்ணியாகத்தான் தெரியும்.

செப்டிக் டேங்க்குக்குள் யாரும் இறங்கக் கூடாது. “ஒரு நிமிஷந்தானே” என்று இறங்கியவர் விஷ வாயுவில் மயங்கி விழுவார். தூக்கப் போனவரும் விழுவார். ஆளை வைத்து இறக்குவதும் குற்றமே. 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி முதல் முறைக்கே 2 ஆண்டு வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே கிடைக்கலாம். உறிஞ்சு லாரியைக் கூப்பிடுங்கள்.

ஏதாவது ஆகிவிட்டால்

புகை ஏறினால் உடனே வெளியே காற்றோட்டமான இடத்துக்கு வந்துவிடுங்கள். கண்ணில் ஆசிட் பட்டால் நல்ல தண்ணீரால் 20 நிமிடம் விடாமல் கழுவுங்கள். குழந்தை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வந்த வழியெல்லாம் மறுபடியும் வெந்துபோகும். 108-க்குப் போன் செய்யுங்கள். இருமலும் மூச்சுத் திணறலும் சில மணி நேரம் கழித்தும் வரலாம். ஆகவே “சரியாப் போச்சு” என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள்.

வருமுன் காப்போம்

சலதாரை வாயில் சல்லடை போடுங்கள். சாம்பலையும் சோற்றையும் வழித்துக் குப்பையில் போட்டுவிட்டுப் பாத்திரம் துலக்குங்கள். வாரம் ஒரு நாள் சல்லடையைத் தட்டிக் கழுவுங்கள். இதற்கு ஐந்து நிமிடம் போதும், காசு செலவில்லை.

தண்ணீர் ஓடட்டும், குடும்பம் நலமாக வாழட்டும்!