காலண்டரின் சிவப்பு எழுத்தும் நமது பெருநாளும்

புது வருஷக் காலண்டர் சுவரில் ஏறியதும் நம் வீட்டுப் பிள்ளைகள் முதலில் செய்வது சிவப்பு எழுத்தில் அச்சான நாட்களை எண்ணுவதுதான். ஞாயிற்றுக்கிழமையில் போய் விழுந்த விடுமுறையைக் கண்டால் முகம் வாடும். வெள்ளியோ திங்களோ கிடைத்தால் துள்ளுவார்கள். பெரியவர்களாகிய நாமும் நோன்புப் பெருநாள் எந்தக் கிழமை என்று பார்த்துக்கொள்வதோடு சரி. அந்த நாட்களைச் சிவப்பாக்கியது யார், அவை எல்லோருக்கும் விடுமுறைதானா, அன்று நம்மீதுள்ள கடமை என்ன என்று யோசிப்பது குறைவு. ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் வட்டாரத்தில் ஷிப்ட் முறையில் உழைத்துப் பிழைக்கும் நம் சகோதரர்களுக்கு இது வணக்கத்தோடு சம்பந்தப்பட்ட விஷயமாதலால் இம்மாதம் இதனைச் சிறிது ஆராய்வோம்.

பெருமானார் (ஸல்) அவர்கள் மதீனா வந்தபோது அவ்வூர் மக்கள் வருஷத்தில் இரண்டு நாட்களை விளையாட்டுக்கென வைத்திருந்தார்கள். அவற்றைவிடச் சிறந்த இரண்டு நாட்களை அல்லாஹ் உங்களுக்கு மாற்றித் தந்திருக்கிறான் என்று கூறி, நோன்புப் பெருநாளையும் ஹஜ்ஜுப் பெருநாளையும் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்தார்கள் என்பது அனஸ் (ரலி) அவர்கள் வாயிலாக அபூதாவூதில் வரும் செய்தி. வருஷத்துக்கு இரண்டே பெருநாட்கள். அவ்விரண்டிலும் நோன்பு வைப்பது ஹராம். ஆனால் வேலை செய்வது ஹராம் என்று எங்கும் சொல்லப்படவில்லை. வெள்ளிக்கிழமையை எடுத்துக்கொள்ளுங்கள். பாங்கு சொன்னதும் வியாபாரத்தை விட்டுவிட்டு விரைந்து வரும்படி சொல்லும் சூரத்துல் ஜும்ஆ, தொழுகை முடிந்ததும் பூமியில் பரவிச் சென்று அல்லாஹ்வின் அருளைத் தேடவும் சொல்கிறது. நாள் முழுவதும் கைகட்டி உட்காரும் ஓய்வு நாளை மார்க்கம் நம்மீது சுமத்தவில்லை. அது கேட்பது தொழுகைக்கான அந்த நேரத்தை.

இனி அரசாங்கத்தின் கணக்கு. ஆண்டுதோறும் தமிழக அரசு வெளியிடும் இருபதுக்கும் மேற்பட்ட பொது விடுமுறைகளில் ரம்ஜான், பக்ரீத், முஹர்ரம், மிலாது நபி ஆகிய நான்கும் உண்டு. இவற்றில் மிலாது நபியை நாடு முழுவதற்குமான விடுமுறையாக்குவதாக 1990ஆம் ஆண்டு சுதந்திர தின உரையில் பிரதமர் வி.பி. சிங் அறிவித்தார். முஹர்ரம் விடுமுறை பிறை 10க்கு உரியது. அதை இஸ்லாமியப் புத்தாண்டு என்று எண்ணி அன்றைக்கு வாழ்த்துச் சொல்ல வருபவர்கள் உண்டு. மூஸா நபி (அலை) அவர்கள் ஃபிர்அவ்னிடமிருந்து காப்பாற்றப்பட்டதும், ஹிஜ்ரி 61இல் கர்பலாவில் இமாம் ஹுசைன் (ரலி) அவர்கள் ஷஹீதானதும் அந்த ஆஷூரா நாளில்தான். ஒன்பதும் பத்தும் நோன்பிருக்க வேண்டிய நாட்களை உல்லாசப் பயணத்தில் கழிப்பவர்களை என்ன சொல்வது!

அரசின் பட்டியலுக்குச் சட்ட அடிப்படை 1881ஆம் வருஷத்து மாற்றுமுறை ஆவணச் சட்டம். காசோலை, உண்டியல் போன்றவற்றுக்கான சட்டம் அது. ஆகவே பட்டியல் முக்கியமாக வங்கிக்கும் கச்சேரிக்கும் உரியது. தொழிற்சாலையின் வாசலை அது மூடாது. தனியார் ஆலைகளுக்கென 1958இல் தனிச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. அதன்படி ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாட்களும், அவற்றோடு ஐந்து பண்டிகை நாட்களும் சம்பளத்துடன் விடுமுறை. அந்த ஐந்து எவை என்பதை முதலாளி, தொழிலாளி இரு தரப்பையும் கலந்து தொழிற்சாலைகளுக்கான அரசு ஆய்வாளர் குறிப்பார். விடுமுறையன்று வேலைக்கு அழைத்தால் இரட்டைச் சம்பளம், அல்லது சம்பளத்தோடு வேறொரு நாள் விடுமுறை தரவேண்டும். துறைமுகத்திலும் ரயில்வேயிலும் இருப்பவர்களுக்கு அவரவர் நிறுவன விதிகள் வேறு.

பொங்கல், தீபாவளி, கிறிஸ்துமஸ், இரு பெருநாட்கள் என்று எண்ணினாலே ஐந்து நிரம்பிவிடுகிறது. கலந்து பேசும் வேளையில் வாய்மூடி இருந்துவிட்டு, பிறை பார்த்த இரவில் மேஸ்திரியிடம் கெஞ்சுவது நம்மவர் வழக்கமாக இருக்கிறது.

எண்ணூர்ப் பக்கத்து ஆலை ஒன்றில் வேலை பார்த்த நண்பர் ஒருவரின் அனுபவம் நமக்கு நேரில் தெரியும். அவருடைய ஆலையில் நோன்புப் பெருநாள் ஐந்தில் ஒன்றாகவே இருந்தது. காலண்டரில் அச்சான தேதிக்கு விடுமுறையும் விட்டார்கள். அன்று பிறை தென்படாமல் நோன்பு முப்பதாயிற்று. விடுமுறை நோன்போடு போய்விட்டது. மறுநாள் பெருநாளன்று காலை ஆறு மணி ஷிப்ட். புத்தாடை உடுத்தித் தொழுகைக்குக் கிளம்பி நின்ற சின்ன மகள், “அத்தாவுக்கு மட்டும் பெருநாள் இல்லையாம்மா?” என்று கேட்டாளாம். அதைவிட அவரை உறுத்தியது வேறொன்று. மத்தியான ஷிப்டில் வந்த ராயபுரத்துக் கிறிஸ்தவத் தோழர், “நேத்தே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா காலையில நான் வந்திருப்பேனே பாய்!” என்று கடிந்துகொண்டாராம்.

பிறைக் கணக்கில் வருஷம் சுமார் பதினொரு நாட்கள் குறைவு. தமிழகத்தில் நோன்புப் பெருநாள் 2023இல் ஏப்ரல் 22, 2024இல் ஏப்ரல் 11, 2025இல் மார்ச் 31 என்று முன்னேறி வந்ததைக் காணலாம். அச்சிட்ட தேதி உத்தேசமே. தலைமை காஜியின் அறிவிப்பே முடிவு. 2024இல் ரபீவுல் அவ்வல் பிறை தென்படாததால் மிலாது நபி விடுமுறையை அரசே செப்டம்பர் 16இலிருந்து 17க்கு மாற்றியது. ஆலைகளிலும், பிறையை அனுசரித்து ஒரு நாள் தள்ளலாம் என்ற குறிப்பை ஒப்பந்தத்தில் சேர்க்கும்படி முன்கூட்டியே கேட்பதில் தவறில்லை.

அடுத்து நேரம். பெருநாள் தொழுகையின் நேரம் சூரியன் உதித்துச் சற்று உயர்ந்தபின் தொடங்கி உச்சிக்கு முன் முடிகிறது. சென்னையில் சூரிய உதயம் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 5.40க்கும் 6.35க்கும் இடையில். எனவே இரண்டுக்குத் தொடங்கும் மத்தியான ஷிப்டுக்காரருக்குத் தொல்லை இல்லை. இரவு ஷிப்ட் முடிந்து ஆறு மணிக்கு வெளியே வருபவர், தூக்கத்தைச் சற்றே ஒத்திவைத்துக் குளித்துவிட்டு நேரே பள்ளிவாசலுக்கு வரலாம். மாட்டிக்கொள்பவர் ஆறிலிருந்து இரண்டுவரை உள்ள முதல் ஷிப்டுக்காரர் ஒருவரே. ஷாஃபி மத்ஹபில் பெருநாள் தொழுகை வலியுறுத்தப்பட்ட சுன்னத். ஜமாஅத் தவறியவர் தனியாகவும் தொழலாம். ஆகவே உச்சிக்கு முன் கிடைக்கும் இடைவேளையில் ஓர் ஓரமாக நின்று, முதல் ரக்அத்தில் ஏழும் இரண்டாவதில் ஐந்துமாகத் தக்பீர் சொல்லி அவர் தொழுதுகொள்ளலாம். ஹனஃபி மத்ஹபிலோ அது வாஜிப். இமாமோடு தவறவிட்டவர் தனியாக நிறைவேற்ற வழியில்லை. அவர்தாம் ஷிப்டை மாற்றிக்கொள்ள அதிகம் முயல வேண்டியவர்.

ஃபித்ராவைத் தொழுகைக்குப் போகும் நேரம்வரை இழுக்காமல் ரமளானிலேயே கொடுத்துவிடலாம். குர்பானிக்கோ அவசரமே இல்லை. அரசு தருவது ஒரு நாள். ஹனஃபிகளுக்குப் பிறை 10, 11, 12 ஆகிய மூன்று நாட்களும், ஷாஃபிகளுக்கு 13உம் சேர்ந்து நான்கு நாட்களும் உண்டு. ஷிப்ட் முடித்து வந்து மறுநாள் அறுத்தாலும் அது குர்பானியே.

தேசிய விடுமுறைகளைப் பற்றியும் ஒரு சொல். 1947 ஆகஸ்ட் 15 ஒரு வெள்ளிக்கிழமை என்பதும், அது ரமளானின் கடைசி ஜும்ஆ என்பதும் நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? நோன்போடு ஜும்ஆத் தொழுத நாளில் நம் முன்னோர் விடுதலையைக் கண்டார்கள். மூன்றாம் நாள் திங்களன்று பெருநாள். ஜனவரி 26க்கும் ஒரு காரணம் உண்டு: 1930இல் பூரண சுயராஜ்ய நாளாகக் கொண்டாடப்பட்ட அதே தேதியில்தான் 1950இல் நாடு குடியரசாயிற்று. மே தினத்தை இந்தியாவில் முதலில் கொண்டாடியது நம் சென்னை. 1923இல் சிங்காரவேலர் நடத்திய இரு கூட்டங்களில் ஒன்று துறைமுகத்தை அடுத்த உயர்நீதிமன்றக் கடற்கரையில் நடந்தது. உழைத்தவனின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொன்ன நபியின் உம்மத்துக்கு அந்நாள் அந்நியமாகுமா?

எந்தப் பட்டியலிலும் ஏறாத விசேஷங்களும் இவ்வட்டாரத்தில் உண்டு. மாசியில் திருவொற்றியூர்த் தேர் ஓடுகிறது. ராயபுரத்தில் 1910இல் எழுந்த அக்கினி ஆலயத்துக்குரிய பார்ஸிகளின் புத்தாண்டுக்கு இங்கே அரசு விடுமுறை கிடையாது. அவர்களும் நம்மைப்போல யாரிடமாவது லீவு கேட்டுத்தான் கொண்டாட வேண்டியிருக்கிறது. பிறருடைய வணக்கத்தில் நாம் பங்கெடுக்க முடியாது. அவர்களுடைய ஷிப்டில் பங்கெடுக்கத் தடையேதுமில்லை.

நமது நண்பர் அதைத்தான் செய்தார். அந்த வருஷம் டிசம்பர் 24 இரவு ஷிப்டைத் தாமே கேட்டு வாங்கிக்கொண்டு, ராயபுரத்துத் தோழரை நடுநிசிப் பூசைக்கு அனுப்பிவைத்தார். அடுத்த நோன்புப் பெருநாளுக்கு ஒரு வாரம் முன்பே, சாத்தியமான இரண்டு தேதிகளையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி அந்தத் தோழரிடம் கொடுத்தார். இரண்டாவது தேதியில்தான் பெருநாள் வந்தது. காலை ஆறு மணிக்குத் தோழர் ஆலைக்குள் போனார். ஏழரை மணி ஜமாஅத்தில், மகளை அழைத்துக்கொண்டு வந்த நண்பரை நாம் பார்த்தோம்.