வேலை வராத காலத்தில் எந்த ரேட்டிங்?

கையில் சி.பி.எல். எனும் வணிக விமானி உரிமம் இருக்கிறது, லாக் புக்கில் 200 மணி நேரம் இருக்கிறது. வீட்டுப் பத்திரம் வங்கியில் கிடக்கிறது. எந்த ஏர்லைனும் கூப்பிடவில்லை. இப்படித் தவிக்கும் இளம் விமானிகள் பலருக்கும் அடுத்துத் தோன்றுவது, கடனோடு கடனாக ஏ320 டைப் ரேட்டிங்கையும் எடுத்துவிடலாம் என்பதுதான். கொஞ்சம் பொறுங்கள்.

டைப் ரேட்டிங் என்பது ஒரு ரக விமானத்துக்கு மட்டுமான தகுதி. ஏ320-க்கு எடுத்தவர் அதை வைத்து போயிங் 737 ஓட்ட முடியாது. 737 எடுத்தவர் ஏடிஆர் பக்கம் போக முடியாது. 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ் நின்றபோது அதன் 737 விமானங்கள் சிலவற்றை ஸ்பைஸ்ஜெட் எடுத்துக்கொண்டது. அந்த ரேட்டிங் இருந்த பலருக்கு அங்கே இடம் கிடைத்தது. 2023 மே மாதம் கோ ஃபர்ஸ்ட் நின்றபோது அதன் ஏ320 விமானிகளும் அப்படித்தான் வேறு நிறுவனங்களுக்குப் போனார்கள். ஆனால் அவர்களிடம் ரேட்டிங் மட்டுமா இருந்தது? அந்த விமானத்தையே தினமும் ஓட்டிய அனுபவமும் இருந்தது. புதிதாகக் காசு கொடுத்து எடுத்தவரிடம் இருப்பது பெரும்பாலும் சிமுலேட்டர் மணிகள். வேலையில்லாமல் கழியும் ஒவ்வொரு மாதமும் அந்தப் பயிற்சி பழசாகும். மறுபடி சிமுலேட்டர், மறுபடி செலவு. அதனால் வேலைக் கடிதம் வந்த பிறகு டைப் ரேட்டிங் எடுங்கள். "ரேட்டிங் எடுத்தால் வேலை உறுதி" என்று ஏஜென்ட் சொன்னால், அதை ஏர்லைனின் லெட்டர்ஹெட்டில் கேளுங்கள்.

இருக்கிற பணத்தை முதலில், கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும் தகுதியான இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்கில் போடுங்கள். ஏற்கெனவே எடுத்திருந்தால் அதைக் காலாவதியாக விடாதீர்கள். அதற்கு ஆயுள் 12 மாதம்தான். மேகத்துக்குள் நுழைந்ததும் கண்ணாடிக்கு வெளியே ஒரே வெள்ளை. இறக்கை மெல்ல இடப்பக்கம் சாய்கிறது. காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்புக்கு அது தெரிவதே இல்லை. கருவியைப் பார்த்து நேராக்கினால், வலப்பக்கம் சாய்ந்துவிட்டதாக உடம்பு அடம்பிடிக்கும். அப்போது உடம்பை நம்பாமல் கருவியை நம்பத் தெரிய வேண்டும். செஸ்னா 172-ல் 90 நாட் வேகத்தில், ரன்வேக்கு வழிகாட்டும் ஐ.எல்.எஸ். சமிக்ஞையைப் பிடித்து இறங்கினால் நிமிடத்துக்கு 450 அடிக்குச் சற்று அதிகமாக உயரம் குறையும். அந்தச் சமிக்ஞையைக் காட்டும் இரண்டு ஊசிகளும் நடுவில் நிற்க வேண்டும். 200 அடியிலும் ரன்வே கண்ணில் படாவிட்டால் மறுபேச்சில்லாமல் மேலேற வேண்டும். ஆறு மாதம் தொடாமல் விட்டவருக்குக் கருவிகள் மேல் கண்ணே மெதுவாகத்தான் ஓடும். ஏர்லைன் சிமுலேட்டர் தேர்வில் அது உடனே தெரிந்துவிடும்.

மல்டி எஞ்சின் பயிற்சியை இத்தோடு சேர்த்து முடிப்பது நல்லது. ஓர் எஞ்சின் நின்றதும் எந்தப் பக்கக் காலால் ரடரை அழுத்துவது என்று யோசிக்கும் நிலை இருக்கக் கூடாது.

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இன்ஸ்ட்ரக்டர் ரேட்டிங்கை. மற்ற ரேட்டிங்கெல்லாம் பணத்தைத் தின்னும். இது ஒன்றுதான் சம்பளமும் தந்து மணியும் ஏற்றும். முதலில் உதவி இன்ஸ்ட்ரக்டர், பிறகு முழு இன்ஸ்ட்ரக்டர். ஏர்லைன் கேப்டன் ஆவதற்கான ஏ.டி.பி.எல்.-க்கு 1500 மணி நேரம் வேண்டும். மாணவரோடு பறக்கும் நேரம் இன்ஸ்ட்ரக்டரின் கணக்கில் பைலட்-இன்-கமாண்ட் நேரமாகவே ஏறும். அமர்வதும் வலது இருக்கை. நாளை ஏர்லைனில் கோ-பைலட்டாக அமரப்போவதும் அதே பக்கம். மாணவர் ரன்வேக்கு மேல் அதிக உயரத்திலேயே மூக்கைத் தூக்கிவிடுவார், வேகம் சரியும். கண்ட்ரோலைப் பிடுங்கினால் அவர் கற்க மாட்டார். விட்டால் விமானம் பொத்தென்று விழும். உங்கள் கை கண்ட்ரோலுக்கு ஓர் அங்குலம் தள்ளி காத்திருக்கும். எப்போது தலையிடுவது என்ற அந்தத் தீர்ப்பு வேறெந்த கோர்ஸிலும் கிடைக்காது. வேலை கிடைக்காதவர்தான் வாத்தியாராவார் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

ஏ.டி.பி.எல். எழுத்துத் தேர்வுகளை எழுத 1500 மணி வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. விமானம் ஏற வழியில்லாத மாதங்களில் புத்தகத்தோடு உட்காருங்கள்; பறப்பதற்கு ஆகும் செலவில் இது சிறு துளி. குறுக்கு வழி மட்டும் வேண்டாம். 2011-ல் போலி மதிப்பெண் சான்று கொடுத்து ஏ.டி.பி.எல். வாங்கிய விமானிகள் கைதானார்கள். பறக்காத மணியை லாக் புக்கில் ஏற்றித் தருகிறோம் என்று யார் சொன்னாலும் அந்த இடத்தைவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

இந்தத் தொழிலில் வறட்சியும் வெள்ளமும் மாறி மாறி வரும். 2020 மார்ச் 25 முதல் இரண்டு மாதம் நாட்டுக்குள் பயணிகள் விமானமே ஓடவில்லை. 2023-ல் ஏர் இந்தியா 470, இண்டிகோ 500 என்று விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தன. ஆள் எடுப்பது தொடங்கும் அன்று மருத்துவச் சான்று காலாவதியாகிக் கிடந்தால் அதைப் புதுப்பிப்பதற்குள் வரிசை நகர்ந்துவிடும். 40 வயதுக்குள் இருப்பவர்களும் வகுப்பு 1 சான்றை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். மருத்துவச் சான்றும் இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்கும் காலாவதியாகும் தேதிகளை லாக் புக்கின் உள்ளட்டையில் பென்சிலால் எழுதி வையுங்கள்.

இன்ஸ்ட்ரக்டர் கோர்ஸுக்குப் பணம் கட்டும் முன் அந்தப் பள்ளிக்கு நேரில் போய் ஒரு நாள் முழுக்க உட்காருங்கள். ஹேங்கருக்குள் எத்தனை விமானம் நிற்கிறது, அதில் எத்தனை இன்று பறந்தது, ஒரு விமானத்துக்கு எத்தனை மாணவர்கள் காத்திருக்கிறார்கள் என்று எண்ணுங்கள். அங்கே பயிற்சி முடித்தவர்களில் எத்தனை பேரை அங்கேயே இன்ஸ்ட்ரக்டராக வைத்துக்கொண்டார்கள் என்று டீக்கடையில் நிற்கும் மாணவர்களிடம் கேளுங்கள், ஆபீஸில் அல்ல.